தரையில் கிடக்கும் கயிறு

அன்பு மகனே,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. நலம் விசாரித்துத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் நலமாக இல்லை என்றுதான் நீயே எழுதியிருக்கிறாயே. உன் அம்மை அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் கதவில் சாய்ந்து நின்று உரக்கப் படித்தேன். தேயிலைத் தோட்டத்தில் விஷக்காய்ச்சல் பரவுகிறது, உங்கள் வரிசையில் நாலு வீட்டில் ஆள் படுத்துவிட்டது, அடுத்த வீட்டுக் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன் என்கிறாய். பாதிப் பேர் மூட்டை கட்டி மலையிறங்கிவிட்டார்கள், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் ரூத் நாமும் போகலாம் என்று அழுகிறாள் என்கிறாய். அதற்குக் கீழே எழுதியிருக்கிறாய்: "நீங்கள் போகச் சொல்லி வந்த வேலை அப்பா. நீங்கள் வரச் சொல்கிற வரைக்கும் இங்கேயேதான் நிற்பேன்." அதற்கும் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, பெருமையாக இரண்டு வரி. துரை வாங்கிய கருப்புக் குதிரைக் குட்டியை நம்முடைய செவலையைப் போலவே பழக்கிவிட்டாயாம். கயிற்றைத் தரையில் போட்டால் இடி விழுந்தாலும் அசைவதில்லையாம். துரை கைதட்டினாராம்.

அம்மையின் கத்தி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் என்னை அப்படிப் பார்த்தது இரண்டாவது தடவை.

"ஆத்துல தண்ணி ஏறுது, பிள்ளைக்க அப்பா" என்றாள்.

படித்து முடித்துக் கழற்றிய மூக்குக்கண்ணாடி என் கையிலிருந்து கீழே விழுந்தது. ஒரு பக்கத்தில் விரிசல் விட்டுவிட்டது. அதன் வழியாகப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவள் சொன்னது உனக்குப் புரியாது. உனக்குப் புரியாதபடி இத்தனை வருஷமாக நான்தான் மறைத்து வைத்தேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். நம் குதிரை துடுக்கனை வண்டியில் பூட்டித் தக்கலைக்கு ஓட்டிப் போய் உனக்குத் தந்தி அடித்தாயிற்று. இரண்டே சொல்: உடனே வா. தந்தி ஆபீசை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. அந்தத் தந்தியைப் பார்த்ததும் நீ கிளம்பிவிடுவாய். நான் சொன்னேன் என்பதற்காகக் கிளம்புவாய். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் புதைத்தபோது கிளம்பாதவன், ரூத் அழுதபோது கிளம்பாதவன், என் இரண்டு சொல்லுக்குக் கிளம்புவாய் என்று நினைத்ததும் எனக்கு வண்டியில் ஏற முடியவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துடுக்கன் கழுத்தை வளைத்து, இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்பதுபோல என்னை மோந்து பார்த்தான். அதனால்தான் தந்திக்குப் பின்னால் இந்தக் கடிதமும் வருகிறது.

செவலையை நான் எப்படிப் பழக்கினேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பார்த்தது பாதி. அப்போது உனக்குப் பத்து வயசு. முற்றத்தில் அவள் தலைக்கயிற்றைத் தரையில் போடுவேன், நான் எடுக்கிறவரை அசையக்கூடாது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தால் முன்னங்காலில் சவுக்கு. மறுபடி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். ஓலைக் கடவப்பெட்டியை மோந்து பார்த்தால் கடிவாளத்தைச் சுண்டுவேன். கோழி ஓடுவதைத் திரும்பிப் பார்த்தால் சுண்டுவேன். காலை முழுவதும் ஒரே பாடம், ஒரே முற்றம், ஒரே இடம். இரண்டு மாதத்தில் படித்துவிட்டாள். குதிரையின் காது சும்மா இருக்காது, எந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் திரும்பும், அது உனக்கே தெரியும். செவலையின் காது அசைவதை நிறுத்திவிட்டது. பாடம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம் என்று நான் நினைத்தேன். அப்படிப்பட்ட முட்டாள் நான்.

நீ பார்க்காத பாதி இனிமேல். கயிறு கீழே கிடக்கும்போது யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் கூப்பிட்டு அவள் வரவில்லை. ஆகவே நானே கூப்பிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்று, கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு, "வா மக்கா, வா" என்று உன்னைக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன். வந்தாள். வந்தவளை அடித்தேன். இப்படி எத்தனை நாள் செய்தேன் என்று ஞாபகம் இல்லை. கடைசியில் நான் கூப்பிட்டாலும் வருவதை நிறுத்தினாள். அன்றைக்கு நான் சாயாக்கடையில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தெல்லாம் உனக்கு மனப்பாடம். புதுக்கடைச் சந்தையில் கூட்டத்துக்கு நடுவே கயிற்றைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன். அவள் பக்கத்தில் பையன்கள் ஓலைப்பட்டாசு வெடித்தார்கள், நின்றாள். தலைமேல் சாக்கை உதறினார்கள், நின்றாள். நெல் வியாபாரி வேலாயுதம் பிள்ளை, உனக்கு வெல்லம் தருவாரே அவர்தான், மூக்கின்மேல் விரலை வைத்து மெச்சினார்.

"ஓய், இது குதிரையா இல்ல கல்லா? கொள்ளாமே!"

"கல்லுகூட சில நேரம் உருளும் வே" என்றேன் நான். அந்தப் பதிலை எத்தனை பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பீற்றியிருப்பேன்!

உன் அம்மை மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்குப் பயம் போகேல்ல. பயத்தைக் காட்டப்பிடாதுன்னு படிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். குதிரையைப் பற்றிப் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நான் வாயை மூடச் சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு நீ ரூத்திடம் அப்படிச் சொல்லாமல் இருப்பாய்.

நீ நாகர்கோவில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். ஐப்பசி மாதம். குழித்துறையில் சவாரியை இறக்கிவிட்டு, குதிரையைக் குளிப்பாட்டலாம் என்று ஆற்றுக்கு ஓட்டினேன். பாலத்துக்கு மேற்கே கரையை ஒட்டி ஒரு மணல்திட்டு உண்டு. வண்டியைக் கரையில் விட்டுவிட்டு அவளை மட்டும் திட்டில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டி, உடம்பு காயட்டும் என்று கயிற்றைத் தரையில் போட்டேன். மேலே சாயாக்கடையில் வேலாயுதம் பிள்ளை இருந்தார். பேச உட்கார்ந்துவிட்டேன். நம் பக்கம் அன்று சொட்டு மழை இல்லை. மலையில் இரண்டு நாளாகப் பெய்திருக்கிறது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டபோதுதான் எட்டிப் பார்த்தேன். ஆறு சிவந்து, கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் வரை தண்ணீர்.

நான் ஓடினேன். கரைக்கும் அவளுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு அடிகூட இருக்காது மகனே. குதிரைக்கு அது ஒரு தூரமா? தண்ணீரில் காலை வைத்தேன், இழுத்துக் கவிழ்த்தது, இரண்டு பேர் என் வேட்டியைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கூப்பிட்டேன். "வா மக்கா! வா!" தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவள் காது திரும்பியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் காது என் பக்கமாகத் திரும்பியதைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டது. என்னையே பார்த்தாள். அந்தக் குரலுக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நின்றாள்.

தண்ணீர் வயிற்றைத் தொட்டது. கயிறு தரையை விட்டு எழும்பி, தண்ணீரில் மிதந்து, அவள் முகத்துக்கு முன்னால் வளைந்து வளைந்து ஆடியது. இனி அது தரையில் இல்லை. அப்போதும் நின்றாள். நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கெட்ட வார்த்தையால் திட்டினேன், மணலை வாரி எறிந்தேன், அழுதேன். வேலாயுதம் பிள்ளை என் பக்கத்தில் நின்று "ஐயோ, நடந்து வந்தாப் போருமே, நடந்து வந்தாப் போருமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழுத்துவரை வந்தது. உடம்பு ஒரு நடுக்கம் நடுங்கியதைக் கரையிலிருந்தே பார்த்தேன். அம்மை சொன்னதுபோல அவளுக்குப் பயம் இருந்தது, முழுசாக இருந்தது. பிறகு ஆறு அவளைக் காலோடு பெயர்த்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு நடந்து வந்தேன். ஈர வேட்டியோடு நின்று உன் அம்மையிடம் சொன்னேன். அன்றுதான் அவள் என்னை முதல் தடவை அப்படிப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த நீ பெட்டியைக் கீழே வைக்காமல் "செவலை எங்கே அப்பா?" என்று கேட்டாய். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய அதிகாரி ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றேன். அம்மை உள்ளே போய்விட்டாள். நீ நம்பினாய். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற பிள்ளையாகத்தான் உன்னை ஆக்கி வைத்திருந்தேனே. பிறகு ஒரு தடவை திருவனந்தபுரம் போய்வந்து, சிவப்புக் குதிரை பூட்டிய வண்டியைக் கண்ட இடமெல்லாம் ஓடிப்போய் நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கும் யோக்கியதைகூட எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

துடுக்கனை வாங்கி வந்தபோது என்னால் சவுக்கைத் தொட முடியவில்லை. சவுக்கு இல்லாமல் எப்படிப் பழக்குவது என்றும் எனக்குத் தெரியாது. முற்றத்தில் அவனைச் சும்மா விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கியது உன் அம்மை. அவள் பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு செய்யவில்லை. ஒரு நாள் குடையை விரித்து முற்றத்தில் வைத்துவிட்டு, புளி கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். குட்டி குடையைப் பார்த்துச் சீறிக்கொண்டு மூலைக்கு ஓடினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வட்டம் போட்டு வந்தான், ஓடினான், மறுபடி வந்தான். மூக்கை நீட்டித் தொட்டான். குடை உருண்டது, ஒரே பாய்ச்சல். அரை நாழிகையில் அவனே அதை மூக்கால் தள்ளி விளையாட ஆரம்பித்துவிட்டான். அப்போது எழுந்துபோய் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தாள், குடையை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் விடப்பிடாதா? இப்பத்தானே படிக்கான்" என்றேன்.

"மதி. அவனுக்குப் போதும்னு தோணுகதுக்கு முந்தி எடுத்தாத்தான் நாளைக்குத் தேடுவான்" என்றாள்.

மறுநாள் அவன் அடுக்களை வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என்ன என்று எட்டிப் பார்த்தான். ஒரு நாள் தகரச் சருவப் பானை, ஒரு நாள் காற்றில் படபடக்கும் சேலை, ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் புதுக்கடைச் சந்தையைச் சுற்றி நடை. ஒரே காரியத்தை மூன்று தடவைக்கு மேல் கேட்கமாட்டாள். சரியாகச் செய்தால் அத்தோடு விட்டுவிடுவாள். செய்யவில்லை என்றால் அவனுக்குத் தெரிந்த சின்னது ஒன்றைக் கேட்டு, அதைச் செய்ததற்குத் தட்டிக்கொடுத்து முடித்துவிடுவாள். பயந்து பின்வாங்கினால் இழுக்கமாட்டாள், நின்று பார்க்கவிடுவாள். பார்க்கிறவன் தானாக வருவான் என்பாள். நான் மெல்ல மெல்ல அவளிடமிருந்து படித்தேன். செவலைக்கு இரண்டு மாதம், துடுக்கனுக்கு ஒரு வருஷம் முழுசாக ஆயிற்று. ஊரார் என்னைக் கேலி செய்தார்கள், வேலாயுதம் பிள்ளை மட்டும் செய்யவில்லை. தக்கலைக்கு முதன்முதலாக மோட்டார் பஸ் வந்து ஹாரன் அடித்த அன்று மற்ற வண்டிக் குதிரைகளெல்லாம் வயலில் இறங்கி ஓடின. துடுக்கன் நின்றான், இரண்டு காதையும் பஸ்ஸின் பக்கம் திருப்பினான், பிறகு அதை மோந்து பார்க்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவனும் நிற்கச் சொன்னால் நிற்பான். தண்ணீர் வந்தால் போய்விடுவான். இந்த இரண்டாவதுதான் பாடம் மகனே, முதலாவதை எந்த மடையனும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

குதிரை விஷயத்தில் திருந்திய நான் உன் விஷயத்தில் திருந்தவில்லை. அதுதான் இன்று காலை என் நெஞ்சில் இடித்தது. செவலை வருவதற்கு முன்பே, உனக்கு ஏழு வயதில் தக்கலைச் சந்தையில் ஒரு புளிய மரத்தடியில் உன்னை நிறுத்தி, "நான் வாறது வரை இஞ்ச நில்லுலே" என்று சொன்னேன். ஒரு சவாரி கிடைத்தது, புதுக்கடைக்குப் போய்விட்டேன். உன்னை மறந்தே போனேன். வெயில் தாழ்ந்து திரும்பியபோது அதே இடத்தில் நின்றாய். நிக்கர் நனைந்து காய்ந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடக் கூப்பிட்டாராம், போகவில்லையாம். நான் பதறியிருக்க வேண்டாமா? உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, என் மகன் சொன்ன சொல் தாண்டமாட்டான் என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். உன் கண்ணில் என்ன பெருமை! அன்றைக்கு உனக்குக் கருப்பட்டி கொடுத்தேன், நின்றதற்கு. குதிரை ஏன் நின்றுகொண்டே தூங்குகிறது, நட்சத்திரம் பகலில் எங்கே போகிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். "கேள்வி கேக்காதலே" என்று நான் சுண்டிச் சுண்டியே நீ கேட்பதை நிறுத்தினாய். எட்டு மாதத்துக்கு முன் மலைக்குப் போக உனக்கு மனமில்லை என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, உன் முகம் சொன்னது. "போ, நான் சொல்லது வரை வேலைய விடப்பிடாது" என்றேன். கயிற்றைத் தரையில் போட்டது நான்தான். இப்போது உன்னைச் சுற்றித் தண்ணீர் ஏறுகிறது, நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

ஆகவே கேள். துரையின் வேலை போனால் போகட்டும். பெட்டி, பாத்திரம் எதையும் பார்க்காதே. ரூத் பயப்படுகிறாள் என்றால் அவளுக்குப் புத்தி இருக்கிறது என்று அர்த்தம், அவள் பேச்சைக் கேள். புறப்படுவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய். அந்தக் கருப்புக் குட்டியிடம் போய், கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு நாலடி தள்ளி நின்று கூப்பிடு. வராது. இழுக்காதே, பக்கத்தில் போய்க் கருப்பட்டி கொடு, இரண்டடி தள்ளி நின்று கூப்பிடு. ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், கட்டிப்பிடித்துக் கொஞ்சு. அவ்வளவுதான் உனக்கு நேரம் இருக்கும். பிறகு அங்கே இருக்கும் குதிரைக்காரனிடம் இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு வா.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது மறுபடியும் நான் உனக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. இந்த வயதில் என் வாய் எப்படி மாறும்? உண்மையில் எனக்கு வேண்டியது வேறு. தந்தியும் இந்தக் கடிதமும் வந்து சேரும்போது உன் வீடு பூட்டிக் கிடக்க வேண்டும். ஆள் இல்லை என்று எழுதித் தபால்காரர் இதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நீங்கள் இருவரும் அதற்கு முன்பே குழித்துறைப் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்க வேண்டும். இது உன் கைக்கே கிடைத்துவிட்டால், வரும் வழியில் பாலத்தின் மேற்கே அந்தத் திட்டு தெரியும், ரூத்துக்குக் காட்ட வேண்டாம், நீ மட்டும் ஒரு தடவை பார். வீட்டு முற்றத்தில் நீ வந்து நிற்கும்போது நான் பழையபடி கண்ணை உருட்டிக்கொண்டு, "ஆருலே உன்ன வரச் சொன்னா?" என்று அதட்டுவேன். பயந்துவிடாதே. என்னை நேராகப் பார்த்து, "ஆரும் சொல்லேல்ல அப்பா, நானாட்டு வந்தேன்" என்று சொல். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக தந்தி அடித்துத் திரும்பியதிலிருந்து உன் அம்மையும் நானும் வாசலை விட்டு அசையவில்லை.

உன் அப்பா